உட்கார்ந்து அளவெடுத்துத் தைத்த லினன் பேண்ட்

மதுரையில் பங்குனி பிறந்துவிட்டால் பாலியஸ்டர் கலந்த பேண்ட் எதையும் தொட மனம் வராது. பஸ்ஸில் முக்கால் மணி நேரம், அப்புறம் நாள் முழுக்க நாற்காலி. வீடு திரும்பும்போது முழங்காலுக்குப் பின்னாலும் தொடையிலும் வேர்க்குரு பொரிந்திருக்கும். ரெடிமேடில் லினன் பேண்ட் கிடைக்குமா என்று மூன்று கடைகளில் போட்டுப் பார்த்தேன். இடுப்பு சரியாக இருந்தால் தொடை பிடித்தது. தொடை சரியாக இருந்தால் இடுப்பு நழுவியது. ஒன்றிலாவது போன் வைக்கிற அளவுக்குப் பாக்கெட் இல்லை. வீட்டில் அம்மாவின் கால் மெஷின் இருக்கிறது. தலையணை உறை, உள்பாவாடை, சேலைக்கு ஃபால்ஸ் எல்லாம் தைத்த கைதான். நாமே தைத்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன்.

இன்று தினசரி உடுத்துகிற இரண்டு பேண்ட் கைவசம் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு நல்ல துணி வீணாயிற்று. எங்கே தவறினேன் என்பதை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வாங்கியது வெளிர் பச்சையில் 60 லீ துணி. 58 இன்ச் அகலம், இரண்டேகால் மீட்டர். லினன் நூலின் பருமனை 'லீ' கணக்கில்தான் சொல்வார்கள். 300 கெஜம் ஒரு சிட்டம் என்று வைத்தால், ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் தேறுகிறதோ அதுதான் லீ. 60 லீ என்றால் ஒரு பவுண்டில் 18,000 கெஜம் நூல். எண் கூடக்கூட நூல் மெலியும். 60 லீ சட்டைக்கு அருமையான துணி, பேண்டுக்கு மெலிசு. வெயிலில் நின்றால் உள்ளே பாக்கெட் துணியின் வடிவம் வெளியே தெரிந்தது. அடுத்த தடவை 40 லீ கேட்டு வாங்கினேன். அது உடம்பில் ஒட்டாமல் விழுகிறது, நிழலும் காட்டுவதில்லை. வாங்கும்போது ஓரத்தில் நாலு நூல் உருவி வந்து வீட்டில் கொளுத்திப் பார்ப்பது என் வழக்கம். சுத்த லினன் என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் பூவாக உதிரும். பாலியஸ்டர் கலந்திருந்தால் நுனி உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும்.

அந்தப் பச்சைத் துணியை வெட்டும்போதுதான் பெரிய தவறு செய்தேன். எனக்கு வசதியாக இருந்த பழைய நைட் பேண்டைத் தரையில் விரித்து, அதைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு, தையலுக்கு அரை இன்ச் விட்டு வெட்டிவிட்டேன். ஒரே நாளில் தைத்தும் முடித்தேன். நின்று பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலை அரிவாள்மனையை எடுத்துவைத்துக் கொத்தவரங்காய் நறுக்கத் தரையில் உட்கார்ந்தேன். பின்பக்கம் சர்ரென்று தையல் விட்டது.

கழற்றிப் பார்த்தால் துணி கிழியவில்லை, அறுந்தது நூல்தான். ஆனால் தையல் ஓடிய துளை ஒவ்வொன்றும் நீளவாக்கில் இழுபட்டு, துணியின் நூல்கள் விலகி, சிறு சிறு ஜன்னல்களாகத் திறந்திருந்தன. அகலம் போதவில்லை என்று நினைத்தேன். மீட்டர் எழுபது ரூபாய்க்குக் காடா துணி வாங்கி, பக்கத்துக்கு இரண்டு இன்ச் கூடுதலாக வைத்து மறுபடி தைத்தேன். சாக்கு மாதிரி தொளதொளவென்று வந்தது. இருந்தும் உட்கார்ந்தால் பின்னிடுப்பு கீழே இறங்கியது, தொடைகள் கூடும் இடத்தில் துணி வெட்டுகிற மாதிரி இழுத்தது. இவ்வளவு அகலம் இருந்தும் ஏன் பிடிக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு அங்கே தூணுக்குத் தூண் உட்கார்ந்திருந்த டெய்லர்களைத் தெரியும். கையில் கொண்டுபோகிற உடுப்பைப் பார்த்து அதே மாதிரி இன்னொன்று தைத்துத் தருவதில் கெட்டிக்காரர்கள். அந்தக் கடைகளெல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அம்மா காலத்திலிருந்து எங்களுக்குப் பழக்கமான ஒரு டெய்லர் அண்ணனிடம் காடா பேண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதை உள்பக்கம் திருப்பி, முன்பாகத்தையும் பின்பாகத்தையும் சேர்த்து மடித்துப் பிடித்தார்.

"ரெண்டையும் ஒரே மாதிரி வெட்டியிருக்கியே தாயி. உக்காந்து அளவு எடுத்தியா?"

"இல்லண்ணே. நைட் பேண்ட வச்சு வரைஞ்சேன்."

"அது பனியன் துணி. நீ உக்காந்தா அது நீண்டு கொடுக்கும். லினன் எங்க நீளும்?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். இடுப்பில் ஒரு எலாஸ்டிக்கைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, அதன் கீழ் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் ஸ்டூல் பலகை வரை டேப்பை விட்டார். பத்தரை இன்ச். "இதோட ஒரு இன்ச்சு கூட்டு. அப்புறம் வீட்ல போயி, முன்னிடுப்புல இருந்து கால் நடுவால பின்னிடுப்பு வரைக்கும் டேப்ப ஓட்டி அள. வெட்டுறதுக்கு முன்னாடி தாள்ல அந்த அளவு வருதான்னு பாரு," என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

வீட்டில் அளந்தேன். முன்னிடுப்பு முதல் பின்னிடுப்பு வரை 28 இன்ச். பச்சை பேண்டில் அதே தையலை அளந்தால் இருபத்தைந்தரைதான் இருந்தது. இரண்டரை இன்ச் குறைவு. பக்கத்தில் எத்தனை இன்ச் கூட்டினாலும் அந்த இரண்டரை இன்ச் வரப்போவதில்லை. லினன் என்பது ஆளிச்செடியின் தண்டிலிருந்து எடுக்கிற நார். இழுவைக்கு நல்ல வலு உண்டு, ஈரத்தில் அந்த வலு இன்னும் கூடும், ஆனால் நீள்கிற குணம் மிகமிகக் குறைவு. அதனால் உட்காரும்போது தேவைப்படுகிற நீளத்தை வெட்டும்போதே கொடுத்துவிட வேண்டும்.

பழைய காலண்டர் தாள்களை ஒட்டி வரைந்தேன். என் சீட் அளவு, அதாவது இடுப்புக்குக் கீழே பின்பக்கம் அகலமாக இருக்கும் இடத்தின் சுற்றளவு, 40 இன்ச். முன்பாகம் ஒன்றுக்குப் பத்தரை, பின்பாகம் ஒன்றுக்குப் பதினொன்றரை. நான்கும் சேர்த்தால் 44, அதாவது நாலு இன்ச் தாராளம். இடுப்பிலிருந்து தொடை கூடும் கோடு வரை பதினொன்றரை. அந்தக் கோட்டில் முன்பாகத்துக்கு வெளியே நீட்டியது சீட்டில் பதினாறில் ஒரு பங்கு, இரண்டரை இன்ச். பின்பாகத்துக்கு எட்டில் ஒரு பங்கு, ஐந்து இன்ச். பின் நடுவை இடுப்பில் ஒன்றரை இன்ச் உயர்த்தினேன். குனியும்போது முதுகு தெரியாமல் காப்பாற்றுவது அந்த ஒன்றரை இன்ச்தான். டேப்பைக் குத்துவாட்டில் நிறுத்தி வளைவின் மேல் ஓட்டிப் பார்த்தேன். முன் 13, பின் பதினாறரை, மொத்தம் இருபத்தொன்பதரை. உடம்பு அளவைவிட ஒன்றரை இன்ச் அதிகம்.

மறுபடி காடா துணியில் ஒன்று தைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன், தரையில் சம்மணம் போட்டேன், குத்துக்கால் வைத்துக் கோலம் போடுகிற மாதிரி குனிந்தேன், மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறினேன். ஒரு இடத்திலும் இழுக்கவில்லை. இத்தனைக்கும் முந்தைய காடா பேண்டைவிட இது அகலத்தில் குறைவு.

இந்த முறை 40 லீ, சாம்பல் நிறம். துணியை இரவு முழுக்க வாளித் தண்ணீரில் ஊறவைத்து, சோப்புத்தூளில் அலசி, நிழலில் உலர்த்தினேன். எண்பத்தெட்டரை இன்ச் இருந்தது 85 ஆகச் சுருங்கியிருந்தது. தைத்த பிறகு சுருங்கியிருந்தால் கணுக்காலுக்கு மேலே நின்றிருக்கும். பாதி ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுவது நல்லது. காய்ந்த லினனில் சுருக்கம் போக மாட்டேன் என்னும்.

கடையில் வெட்டித் தந்த ஓரம் கோணலாக இருந்தது. கோணலை நேராக்க எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. ஓரத்தில் ஊசி முனையால் ஒரே ஒரு குறுக்கு நூலைத் தூக்கிப் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். துணி முழுக்கச் சுருங்கிக்கொண்டு அந்த நூல் வழிந்து வரும். நடுவில் அறுந்தால் அறுந்த இடத்திலிருந்து மறுபடி பிடிக்கலாம். நூல் வெளியே வந்த இடத்தில் தலைவகிடு போல ஒரு மெல்லிய கோடு விழும். அந்தக் கோட்டின் மேலேயே கத்தரியை ஓட்டினால் துணி நூல் பிசகாமல் நேராகும். பருத்தியைவிட லினனில் இது சுலபம். கால் பாகங்களின் நடுக்கோட்டைத் துணிக்கரைக்கு இணையாக வைத்துத்தான் வெட்டினேன். பச்சை பேண்டில் ஒரு கால் முறுக்கிக்கொண்டு தையல் முன்பக்கம் திரும்பியதற்கு, இதைக் கவனிக்காததுதான் காரணம்.

மெஷினில் 14-ஆம் நம்பர் ஊசி, புதிதாக மாற்றியது. லினன் பிசிறு விடுகிற துணி. வெட்டி வைத்தால் காற்றுக்கே நூல் உதிரும். அதனால் பக்கத் தையலும் உள்தொடைத் தையலும் பிரெஞ்சு தையலாகப் போட்டேன். முதலில் துணியின் உள்பக்கங்கள் ஒன்றோடொன்று சேர வைத்துக் கால் இன்ச்சில் ஒரு தையல், பிசிறைக் கத்தரித்து, திருப்பி மடித்து, ஓரம் உள்ளே அடங்கும்படி இரண்டாவது தையல். உள்தொடையில் உரசுகிற மாதிரி ஓரமே இருக்காது. சீட் தையலுக்கு மட்டும் அது ஒத்துவராது, வளைவில் தடித்துப்போகும். அங்கே துணியை லேசாக இழுத்துப் பிடித்தபடி தைத்து, அதன் மேலேயே இன்னொரு ஓட்டம் ஓட்டி, தெருமுனைக் கடையில் ஓவர்லாக் போட்டு வாங்கினேன். இழுத்துப் பிடித்துத் தைத்தால் தையலில் நூல் சற்று அதிகம் ஏறும். உட்காரும்போது அந்த நூல் விட்டுக்கொடுக்கும்.

பாக்கெட் 11 இன்ச் ஆழம். உள்ளே வைத்தது அப்பாவின் பழைய வேட்டித் துணி. போன், பஸ் சில்லறை, வீட்டுச் சாவி மூன்றும் போகிறது, உட்கார்ந்தாலும் வெளியே வருவதில்லை.

இடுப்புக்கு முன்னால் பக்கரம் என்கிற விறைப்பான துணியை உள்ளே வைத்த தட்டையான பட்டை, பின்னால் மட்டும் எலாஸ்டிக். முன்பக்கம் இரண்டு பிளீட் பிடித்து 18 இன்ச்சுக்குக் கொண்டுவந்தேன். பின்னால் ஒன்றரை இன்ச் அகல எலாஸ்டிக், 15 இன்ச் நீளம். சட்டையை உள்ளே விட்டாலும் முன்னால் சுருக்கம் தெரியாது. ஜிப்பும் இல்லை, காஜாவும் இல்லை. கீழ் மடிப்பை அன்றே தைக்காமல், பேண்டை ஹேங்கரில் ஒரு இரவு தொங்கவிட்டேன். காலையில் பார்த்தால் ஒரு பக்கம் கால் இன்ச் இறங்கியிருந்தது. அதைச் சரிபார்த்து வெட்டிவிட்டு ஒன்றரை இன்ச் மடித்துக் கையாலேயே ஹெம்மிங் போட்டேன்.

இந்தச் சித்திரையில் வாரம் இரண்டு நாள் அதைத்தான் போட்டேன். வியர்வை படிந்தாலும் பஸ்ஸை விட்டு இறங்கி அரைமணியில் உலர்ந்துவிடுகிறது. மடியில் சுருக்கம் விழத்தான் செய்கிறது, அது எனக்குத் தொந்தரவாகவே இல்லை. துவைக்கத் துவைக்கத் துணி மிருதுவாகிறது. சீட் தையலை ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். துளைகள் இன்னும் ஊசி முனை அளவுதான். வைகாசியில் கருநீலத்தில் இன்னொன்று தைத்தேன், அதே தாள், அதே அளவு.

இப்போது அக்காவுக்கு வேண்டுமாம். என்னைப் போலவே அவளுக்கும் சீட் 40, ஆகவே உன் தாளையே கொடு என்றாள். ஸ்டூலில் உட்காரவைத்து அளந்தேன். எனக்குப் பத்தரை வந்த இடத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வருகிறது. புதுத் தாள் ஒட்டி வரைந்துகொண்டிருக்கிறேன்.