சுவிங் ஆர்மில் இருந்து பவுடர் கோட்டிங்கை உரித்த அனுபவம்

என் பழைய புல்லட்டின் சுவிங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை), சைடு ஸ்டாண்ட், லெக் கார்டு மூன்றுக்கும் நாலு வருஷத்துக்கு முன்னால் கருப்பில் பவுடர் கோட்டிங் போட்டிருந்தேன். போட்டுக்கொடுத்த பட்டறையில் துருவை எடுக்காமலே அடித்துவிட்டார்கள். வெல்டிங் ஓரங்களில் கொப்புளம் கிளம்பி, நகத்தால் தட்டினால் உள்ளேயிருந்து செம்மண் மாதிரி துரு கொட்டியது. எல்லாவற்றையும் உரித்துவிட்டுப் புதிதாகப் பெயின்ட் அடிக்கலாம் என்று இறங்கினேன். துருவின் மேல் இருந்தது உதிர்ந்தது. நல்ல இரும்பைப் பிடித்திருந்தது அசையவே இல்லை.

முதலில் தின்னரில் துணியை நனைத்து அரைமணி நேரம் சுற்றி வைத்தேன். பளபளப்பு கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். பவுடர் கோட்டிங் சாதாரணப் பெயின்ட் மாதிரி காய்ந்து ஒட்டுவதில்லை. 180, 200 டிகிரி சூட்டில் உருகி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிப்போகும் பிளாஸ்டிக் அது. இறுகிய பிறகு தின்னருக்குக் கரையாது. கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டினால் சூட்டில் இளகி அப்பிக்கொள்கிறது. உப்புத்தாள் ரெண்டு நிமிஷத்தில் அடைத்துக்கொண்டது.

கைகொடுத்தது மெத்திலீன் குளோரைடு கலந்த கெட்டியான பெயின்ட் ரிமூவர். அதுவும் முதல் நாள் ஏமாற்றியது. மத்தியான வெயிலில் மொட்டைமாடியில் வைத்துப் பூசினேன். பத்து நிமிஷத்தில் காய்ந்து பொருக்காகிவிட்டது. அந்தத் திரவம் சுமார் 40 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு, நிழலில், நல்ல காற்றோட்டத்தில் செய்தேன். ஹாக்சா பிளேடால் கோட்டிங்கின் மேல் குறுக்கும் நெடுக்குமாக, இரும்பு தெரியும் வரை கீறினேன். மருந்து உள்ளே இறங்க வழி வேண்டும். தடிமனாக ஒரே திசையில் இழுத்துப் பூசி, பாலிதீன் தாளால் இறுக்கமில்லாமல் மூடினேன்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தபோது, ஆறிய பாலில் ஏடு சுருங்குவது போல் கருப்புத் தோல் முழுக்கச் சுருங்கிக் கிடந்தது. பட்டித் தகட்டை அடியில் கொடுத்துத் தள்ளியதும் ஒரு சாண் நீளத்துக்கு அப்படியே உரிந்து வந்தது. கீழே வெள்ளை வெளேரென்று இரும்பு. அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! ஆனால் எல்லா இடத்திலும் ஒரே பூச்சில் வரவில்லை. மூன்று முறை பூச வேண்டியிருந்தது.

கையுறை விஷயத்தில் தயவுசெய்து கவனம். நான் போட்டிருந்தது மெல்லிய ரப்பர் உறை. விரல் முதலில் ஐஸ் வைத்த மாதிரி சில்லிட்டது, அடுத்த நிமிஷமே நெருப்பாய் எரிந்தது. இந்த மருந்து சாதாரண நைட்ரைல் உறையையும் சில நிமிஷத்தில் ஊடுருவிவிடும். ஆவி காற்றைவிடக் கனம், கீழேயே தங்கும். உள்ளே போனால் உடம்பில் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. மூடிய அறையில் செய்யவே கூடாது, இதயக் கோளாறு உள்ளவர்கள் பக்கத்திலும் வரக்கூடாது.

சக்கரத்தின் நடுப்பகுதியான வீல் ஹப்பையும் இதோடு உரித்துவிடலாம், காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவை என்று நண்பர் சொன்னார். ஹப் அலுமினியம். காஸ்டிக் அலுமினியத்தையே தின்றுவிடும், ஹைட்ரஜனும் கிளம்பும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வெல்டிங் மூலைகளில் மிச்சமிருந்த கோட்டிங்கை எடுக்க, மணலை வேகமாகப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்யும் பிளாஸ்டிங் பட்டறையில் கொடுத்தேன். ஏன் முதலிலேயே கொண்டுவரவில்லை என்று அங்கே கேட்பார்கள் என நினைத்தேன். உரித்துக் கொண்டுவந்ததே நல்லது என்றார் அங்கே இருந்த அண்ணன். கோட்டிங் ரப்பர் மாதிரி மணலைத் திருப்பி அடிக்குமாம், ஒரு துண்டுக்கே வெகுநேரம் ஆகுமாம். சுவிங் ஆர்ம் அசையும் இடத்தில் இருக்கும் வளையமான புஷ்ஷை முன்பே கழற்றியிருந்தேன். மரைத் துளைகளில் மணல் படாமலிருக்கப் பழைய போல்ட்டுகளைத் திருகிவிட்டுத்தான் கொடுத்தேன்.

பிளாஸ்டிங் முடிந்த இரும்பு பச்சைக் குழந்தை மாதிரி. ஈரக்காற்று பட்டால் சில மணி நேரத்திலேயே பழுப்பேறிவிடும், வெறுங்கை பட்டாலும் ரேகை பதிந்து துருப்பிடிக்கும். துணியில் சுற்றி நேராக வீட்டுக்குக் கொண்டுவந்து, அசிட்டோனில் துடைத்து, இருட்டுவதற்குள் எபாக்ஸி ப்ரைமர் ரெண்டு கோட் அடித்துவிட்டேன். இந்த முறை வெல்டிங் ஓரங்களைத்தான் முதலில் அடித்தேன்.