எழுத்தெல்லாம் தெரியுது, பிறகு எதற்குக் கண் டொக்டர்?

கனடாவில் இருக்கும் அண்ணாவுக்குக் கண் நரம்பைப் பழுதாக்கும் குளுக்கோமா வருத்தம் என்று தெரியவந்தது கண்ணாடி மாற்றப் போன இடத்தில். வலி இல்லை, சிவப்பு இல்லை, பார்வையும் மங்கவில்லை. இது குடும்பத்தில் ஓடுகிற வருத்தம், கூடப் பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே டொக்டர் சொல்லியிருக்கிறார். அன்றிரவே வட்ஸ்அப்பில் அக்காவுக்கும் எனக்கும் அண்ணாவின் கட்டளை: “சாட்டுச் சொல்லாமல் இந்த மாதமே போங்கோ.”

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. கொழும்பு வெள்ளவத்தையில் கண்ணாடிக் கடைக்கா பஞ்சம்? வாசிக்கும் கண்ணாடியை அங்கேதான் எடுத்தேன், அட்டையில் கடைசி வரி வரை வாசித்தும் காட்டினேன். அதை அண்ணாவிடம் சொன்னேன். “நானும்தான் வாசித்தேன்” என்றார்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. அந்த அட்டை பார்ப்பது நேர் நடுவில் இருக்கிற பார்வையை. குளுக்கோமா பெரும்பாலும் ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். ஒரு கண்ணில் விட்டதை மற்றக் கண் நிரப்பிவிடும், அதனால் ஆளுக்குத் தெரியாது. போன பார்வை திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, அவர் கண்ணாடிக்கு அளவு எடுக்கிறார். நரம்பைப் பார்ப்பது வேறு வேலை.

சரி, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கண் டொக்டரைச் சனல் பண்ணினேன். போன் எடுக்கும்போதே கண் பிரஷர், அதாவது நரம்பைப் பழுதாக்கக்கூடிய கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம், பார்ப்பார்களா, கண் நரம்பைப் பார்க்கும் ஸ்கேனும் பார்வைப் பரப்பை அளக்கும் பீல்ட் டெஸ்டும் அங்கேயே இருக்கிறதா என்று கேட்டு வைப்பது நல்லது. டொக்டர் காசு வேறு, டெஸ்ட் காசு வேறு. காசு இடித்தால் லிப்டன் சந்திப் பக்கம் தேசிய கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே இலவசம். விடிய வெள்ளென போய் நம்பர் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அக்கா அங்கேதான் காட்டினாள்.

போகும்போது பழைய கண்ணாடி, குடிக்கும் மருந்துகளின் பெயர், இழுப்புக்கு (ஆஸ்துமாவுக்கு) ஸ்ப்ரே பாவித்தால் அந்த விபரம் எல்லாம் கொண்டு போங்கள். இழுப்பு இருக்கிறதா என்று டொக்டர் என்னிடம் குறிப்பாகக் கேட்டார். கண் பிரஷருக்குப் போடும் டிமோலோல் சொட்டு மருந்து இழுப்புக்காரருக்கு ஆகாதாம். பார்மசியில் டொக்டரின் துண்டு இல்லாமல் வாங்கிய சொட்டு மருந்து பற்றியும் கேட்டார். கண் சிவந்தால் ஸ்டீராய்ட் கலந்த சொட்டைத் தாங்களாகவே மாதக்கணக்கில் போட்டு, அதாலேயே பிரஷர் ஏறி வருகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்றார்.

முதலில் கண்ணில் காற்று அடிக்கும் மெஷின். சத்தத்துக்கே துள்ளிவிட்டேன். பிறகு டொக்டர் விறைக்கும் மருந்தும் மஞ்சள் சாயமும் விட்டு, நீல வெளிச்சத்தில் ஒரு சின்னக் கூம்பைக் கண்ணில் தொட்டு அளந்தார். வலியே இல்லை. சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்கும், எனக்கு 19. அப்பாடா என்று நினைக்க, கருவிழியின் தடிப்பையும் அளந்துவிட்டு “மெல்லிசாக இருக்கிறது, உண்மையான பிரஷர் இதைவிடக் கொஞ்சம் கூடவாக இருக்கலாம்” என்றார். ஒரு நம்பரை மட்டும் நம்பிக்கொண்டு வீட்டுக்கு வரக்கூடாது என்பது அப்போதுதான் விளங்கியது.

அப்புறம் கண்மணியை விரிக்கிற மருந்து. கொஞ்சம் எரிந்தது. அரை மணித்தியாலம் கண்ணை மூடி இருந்தேன், திறந்தபோது கையில் இருந்த துண்டில் என் பெயரையே வாசிக்க முடியவில்லை. வெளியே காலி வீதி வெயில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. பஸ் நம்பர் தெரியவில்லை. மகன் கூட வந்திருந்ததால் தப்பினேன். கறுப்புக் கண்ணாடி கொண்டு போங்கள், அன்றைக்கு வாகனம் ஓட்டும் எண்ணமே வேண்டாம்.

பீல்ட் டெஸ்டுக்கு வேறு நாள் தந்தார்கள். ஒரு கண்ணை மூடி, நாடியைத் தாங்கியில் வைத்து, ஒரு வெள்ளைக் குழிவுக்குள் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு வெளிச்சம், அதை விட்டுக் கண் அசையக்கூடாது. சுற்றிவரச் சின்னச் சின்னப் புள்ளிகள் மின்னும், தெரியும்போது பொத்தானை அமத்த வேண்டும். “பேனகொட ஒபன்ன” (தெரியும்போது அமத்துங்கள்) என்று டெஸ்ட் எடுக்கும் மிஸ் சிங்களத்தில் சொல்லிவிட்டு லைட்டை அணைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியவில்லை. கண் போய்விட்டது என்றே நினைத்தேன், உள்ளங்கை வேர்த்துவிட்டது. முடிந்த பிறகுதான் மிஸ் சொன்னார்: உங்களுக்கு எது வரை தெரிகிறது என்று பார்க்க மெஷின் வேண்டுமென்றே வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போகும், நிறையப் புள்ளி தெரியாமல் போவது எல்லோருக்கும் நடப்பதுதான். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! நீங்கள் போனால் பயப்படாமல் இருங்கள், தெரியாததற்கு அமத்தவும் வேண்டாம். சும்மா அமத்துவதையும் மெஷின் கண்டுபிடித்துவிடும்.

ரிப்போர்ட்டில் பார்வைப் பரப்பு சுத்தம். ஆனால் கண் நரம்பு கண்ணுக்குள் வரும் இடத்தில் இருக்கிற குழி கொஞ்சம் பெரிது. சிலருக்குப் பிறவியிலேயே அப்படி இருக்கும், வருத்தம் இல்லை. சிலருக்கு அது தொடக்கம். எது என்று ஒரு தரம் பார்த்துச் சொல்ல முடியாதாம். மருந்து இப்போது வேண்டாம், ஆறு மாதத்தில் திரும்ப வாருங்கள், இதே ரிப்போர்ட்டுகளோடு வாருங்கள் என்றார். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இவ்வளவும். எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு, போனிலும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு ஒன்றுமில்லை. நாற்பதுக்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருக்காவாவது பாருங்கள் என்று அவளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது வீட்டில் சண்டை என் கணவரோடு. அவருக்குச் சீனி வருத்தம் பல வருடமாக இருக்கிறது. சீனி இருந்தால் பார்வை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். அங்கே இரத்தக் குழாய் கசியத் தொடங்குவதும் ஆரம்பத்தில் ஆளுக்குத் தெரியாது. “எனக்குப் பேப்பரெல்லாம் வடிவாகத் தெரியுது” என்கிறார். கேட்டுக்கொண்டே அடுத்த சனிக்கிழமைக்கு அவர் பெயரில் நம்பர் போட்டுவிட்டேன். கார் வீட்டில் நிற்கட்டும், ஆட்டோவில் போகிறோம்.