பிளஸ் டூ ஆங்கிலத்துக்கு நான் படித்த விதம்

பிளஸ் டூ ஆங்கிலத்துக்கு எப்படிப் படிச்சீங்க அக்கா என்று எங்கள் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் இருக்கிற பிள்ளைகள் வருஷா வருஷம் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் உட்கார வைத்துச் சொல்ல நேரமில்லை என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன். நான் தேர்வு எழுதியது 2023 மார்ச்சில். நீலகிரி மலையில் சேரம்பாடிப் பக்கம் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், காமர்ஸ் குரூப். அம்மா கொழுந்து எடுக்கிறவர், அப்பா டீ ஃபேக்டரியில் வேலை. அம்மாயி, எங்கள் பாட்டி, இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப 1964-இல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர்களில் ஒருத்தி. வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர யாரும் கிடையாது, ட்யூஷனுக்குப் போக கூடலூர்தான் போகவேண்டும், அதற்குப் பணமும் இல்லை, திரும்பி வர பஸ்ஸும் இல்லை.

எங்கள் செட்டுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. 2021-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே நடக்கவில்லை, கொரோனா, எல்லோரும் பாஸ். அந்தப் படிப்பு வருஷம் பெரும்பாலும் கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும்தான் வகுப்பு. டவர் வேண்டுமென்றால் மேட்டுக்கு ஏறி நிற்கவேண்டும், மழை வந்தால் அதுவும் போச்சு. ஆக முதன்முதலாக ஒரு பொதுத்தேர்வு ஹாலில் நாங்கள் உட்கார்ந்ததே 2022 மே மாதம் பிளஸ் ஒன்னுக்குத்தான். அதில் ஆங்கிலத்தில் நான் தப்பித்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

முதலில் அந்தப் பேப்பரைத் தெரிந்துகொள்ளுங்கள், நிறைய பேர் இதைப் பார்ப்பதே இல்லை. எழுத்துத்தேர்வு 90, பள்ளியில் போடுகிற உள்மதிப்பீடு 10. பாஸாக மொத்தம் 35 வேண்டும், அதில் எழுத்துத்தேர்வில் மட்டும் 25 இருக்கவேண்டும். ஒரு மார்க் கேள்வி இருபது, எல்லாம் சரியானதைத் தேர்ந்தெடுப்பது. இரண்டு மார்க் ஏழு, மூன்று மார்க் ஏழு, ஐந்து மார்க் ஏழு. கூட்டிப் பார்த்தால் 20, 14, 21, 35. பாடத்தையே தொடாமல் வருகிற மார்க் இதில் எவ்வளவு என்று பாருங்கள்: கடிதம், பயோடேட்டாவோடு வேலை விண்ணப்பம், விளம்பரம், பிழை திருத்தம், பத்தியைப் படித்துப் பதில் எழுதுவது, படம் போட்ட சார்ட்டைப் பார்த்து எழுதுவது, பழமொழியில் விட்ட வார்த்தையை நிரப்புவது. பாஸ் ஆனால் போதும் என்கிறவர்கள் இதை மட்டும் ஒழுங்காகப் பழகினாலே கரையேறிவிடலாம். எனக்குக் கொஞ்சம் அதிகம் வேண்டியிருந்தது, ஏனென்றால் கல்லூரி சேர்க்கையில் பெரும்பாலான படிப்புகளுக்கு மொழிப்பாட மார்க்கைக் கணக்கில் எடுக்காவிட்டாலும் மார்க்ஷீட்டைப் பார்க்கிறவன் முதலில் ஆங்கிலத்தைத்தான் பார்க்கிறான்.

எங்களுக்குக் காலாண்டு வரை ஆங்கில ஆசிரியர் இல்லை. வேறு பாட ஆசிரியர் ஒருவர் வந்து பாடத்தை வாசித்துவிட்டுப் போவார், பாவம், அவருக்கு அவர் பாடமே மலைபோலக் கிடந்தது. எல்லோரும் கைடு வாங்கி மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம். காலாண்டு முடிந்து சமவெளியிலிருந்து ஒரு மிஸ் வந்தார். வந்த புதிதில் காலில் அட்டை ஏறியதைப் பார்த்து ஸ்டாஃப் ரூமில் அலறியவர், ஆனால் பாடம் என்று வந்தால் ஆள் வேறு. அவர் கைடைப் பிடுங்கவில்லை. "கதையை வீட்ல யாருக்காவது தமிழ்ல சொல்லிட்டு வா. அவங்க என்ன கேள்வி கேக்குறாங்களோ, அதுக்கு இங்கிலீஷ்ல பதில் எழுது. அதான் பாராகிராப்" என்றார். அவ்வளவுதான் அவர் கொடுத்த டெக்னிக். கேட்கும்போது என்ன இது விளையாட்டு மாதிரி இருக்கே என்று தோன்றியது.

எங்கள் வீட்டில் கதை கேட்க ஆள் இருந்தது. ராத்திரி கரண்ட் போனால் அம்மாயிக்கும் டிவி கிடையாது.

முதலில் சொன்னது டால்ஸ்டாய் கதை. செய்யாத கொலைக்கு 26 வருஷம் சைபீரியாவில் கிடக்கிற வியாபாரி கதை, துணைப்பாடத்தில் இருந்தது. நான் கைடு சுருக்கத்தில் இருக்கிற மாதிரி மடமடவென்று ஒப்பிக்க, அம்மாயி இடையிலேயே நிறுத்திவிட்டார். கத்தி எப்படி அவன் பைக்குள்ள வந்துச்சு? பொண்டாட்டி போய்ப் பாக்கலையா? பார்த்தாள் அம்மாயி, ஆனால் நீங்கள்தான் செய்தீர்களா என்று அவளும் கேட்டுவிட்டாள். "அடப்பாவமே, அப்ப அவன் யார்கிட்ட போய்ச் சொல்லுவான்?" கடவுளிடம்தான். பாருங்கள், இந்தக் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதினால் கைடில் ஒரு பக்கத்துக்கு இருக்கிற விஷயம் முழுதும் வந்துவிடுகிறது, வரிசையும் மறக்காது, ஏனென்றால் கேட்டது அம்மாயி. மறுநாள் நோட்டில் எழுதினேன்: "ஹி டிட் நாட் கில் தி மெர்ச்சன்ட். பட் தி நைஃப் வாஸ் இன் ஹிஸ் பேக். ஈவன் ஹிஸ் ஒய்ஃப் டவுட்டட் ஹிம்." எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற வாக்கியம்தான். மிஸ் சிவப்பில் ஒரே ஒரு இடத்தில் திருத்தி, கீழே குட் போட்டார். கைடில் இருக்கிற பெரிய பெரிய வார்த்தைகள் எதுவும் அதில் இல்லை.

ஜார்ஜ் ஆர்வெல் டீ போடுவதைப் பற்றி எழுதிய கட்டுரையும் எங்களுக்குப் பாடம். 1946-இல் எழுதியது, நல்ல டீக்கு பதினோரு விதி சொல்கிறார். இந்தியா அல்லது சிலோன் டீத்தூள்தான் வேண்டுமாம், பாத்திரத்தை முன்கூட்டியே சூடாக்கவேண்டுமாம், டீயை ஊற்றிவிட்டு அப்புறம் பாலை ஊற்றவேண்டுமாம், சர்க்கரை கூடவே கூடாதாம். சிலோன் என்றதும் அம்மாயி நிமிர்ந்து உட்கார்ந்தார். அது வரைக்கும் சரி. சர்க்கரை வேண்டாம் என்றதும், "சீனி இல்லாத தேத்தண்ணியா? அந்தாளுக்குச் சுகர் இருந்திருக்கும்" என்று முடித்துவிட்டார். எங்கள் வீட்டில் பிளேன்டீதான், கருப்பட்டியோ வெல்லமோ ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்பது. பதினோரு விதியையும் அம்மாயி ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டதும் தள்ளிவிட்டதுமாக அந்தப் பாடத்துக்கு நான் தனியாகப் படிக்கவே இல்லை. அவர் எதை ஒத்துக்கொண்டார், எதற்குத் திட்டினார் என்று நினைத்தாலே பாயின்ட் வந்துவிடும்.

கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' ஆங்கிலத்தில் பாடமாக இருந்தது. இது மாதிரி இடத்தில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டாதீர்கள், தமிழ் மூலத்தைத் தேடிப் படித்துவிட்டு ஆங்கிலத்துக்கு வாருங்கள். செத்தவரை உட்கார்த்தி வைக்க நாற்காலியை இரவல் கேட்டு வருகிற இடத்தை ஆங்கிலத்தில் மட்டும் படித்திருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்காது.

சரி, கதை தெரிந்துவிட்டது, ஆங்கிலம் எங்கிருந்து வரும்? மிஸ் எங்களுக்கு வைத்த கட்டுப்பாடு, கதை என்றால் முழுக்க இறந்தகாலம், ஒரு வாக்கியத்தில் ஒரு வினைச்சொல், பத்து வார்த்தைக்கு மேல் போகாதே. இணைப்புக்கு தென், பட், ஸோ, பிகாஸ், அட் லாஸ்ட், இவ்வளவு போதும். ஆள் பெயர், ஊர் பெயர் ஸ்பெல்லிங் மட்டும் தப்பாமல் பத்து முறை எழுதிப் பார்த்துவிடு. மனப்பாடம் செய்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து மாதிரித் தேர்வு எழுதும்போது பார்த்திருக்கிறேன், நடுவில் ஒரு வார்த்தை நழுவிவிட்டால் பேனாவைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார்கள், அதற்குப் பிறகு வருகிற வரி எல்லாம் தெரிந்திருந்தும் வெளியே வராது. சொந்த வாக்கியத்தில் எழுதுகிறவளுக்கு ஒரு வார்த்தை வராவிட்டால் வேறு வார்த்தை போட்டுத் தாண்டிவிடலாம்.

கவிதைக்கு இது செல்லாது. பாடத்தில் இருந்த டென்னிசனின் யுலிசிஸ் கவிதையைக் கதையாக அம்மாயிக்குச் சொல்ல முயன்றேன், ராஜா வயசான காலத்தில் வீட்டில் இருக்காமல் மறுபடி கப்பலேறப் போகிறார் என்றதும், போக்கத்தவன் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். கவிதையில் வருகிற இரண்டு மார்க் கேள்வி எல்லாம் கொடுத்த வரியில் இருந்துதான், என்ன அணி, எந்தச் சொற்கள் ஒரே ஓசையில் முடிகின்றன, யார் பேசுகிறார் என்கிற மாதிரி. அதை உட்கார்ந்து வரிக்கு வரி பென்சிலில் குறித்துத்தான் படிக்கவேண்டும், குறுக்குவழி இல்லை. மூன்று மார்க்கில் வருகிற இஆர்சி-க்கு, அதாவது கொடுத்த வரியைச் சூழலோடு விளக்கச் சொல்கிற கேள்விக்கு, மட்டும் ஒவ்வொரு கவிதைக்கும் கவிதைப் பெயர், கவிஞர் பெயர், சூழல், இரண்டு வரி விளக்கம் என்று ஒரு சின்னத் தாளில் எழுதி கொழுந்துக் கூடை மாட்டுகிற ஆணியில் குத்தி வைத்திருந்தேன்.

ஒரு மார்க்குக்கு பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) வினா வங்கியும் பழைய கேள்வித்தாளும் போதும். பிழை திருத்தத்தில் திரும்பத் திரும்ப அதே வகைப் பிழைதான் வருகிறது, ஒருமைக்கு ஒருமை வினை, ஒன் ஆஃப் தி வந்தால் பின்னால் வருகிற பெயர்ச்சொல் பன்மை, சின்ஸ் என்று ஆரம்பித்தால் ஸோ வராது, இப்படி. காரணம் புரியாவிட்டாலும் கண் பழகிவிடும். இதில் எனக்கு எப்போதும் ஒரு ஆச்சரியம். நாங்கள் கேரள எல்லையில் இருப்பதால் மலையாளம் சரளமாகப் பேசுவோம், எந்தப் பள்ளியிலும் படிக்காமல் பஸ்ஸிலும் கடையிலும் வந்தது. தப்பாகப் பேசினால் கடைக்கார சேட்டன் சிரிப்பார், மார்க்கைக் குறைக்க மாட்டார். ஆங்கிலம் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வருஷம், வாயைத் திறக்க ஒரு சந்தர்ப்பம் கொடுத்தார்களா என்றால் இல்லை.

செய்முறை விளக்கம் என்று ஒரு மூன்று மார்க் கேள்வி உண்டு, ஒரு பொருளை எப்படிச் செய்வது என்று படிப்படியாக எழுதவேண்டும். டீ போடுவது எப்படி என்பது அதில் அடிக்கடி கேட்கிற கேள்வி. இதற்கு அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். விதரிங், ரோலிங், ஃபெர்மென்டிங், டிரையர், கடைசியில் தரம் பிரிப்பது என்று ஃபேக்டரி வேலை முழுவதையும் வரிசையாகச் சொன்னார், அத்தனையும் ஆங்கிலம், ஒரு வார்த்தைகூட எழுதத் தெரியாத மனுஷன். அதைச் செயப்பாட்டுவினையில் மாற்றி எழுதிப் பார்த்தே பாஸிவ் வாய்ஸ் பழகினேன். தி லீவ்ஸ் ஆர் பிளக்ட். தி லீவ்ஸ் ஆர் விதர்ட். இலக்கணப் புத்தகத்தில் ராமன் பாம்பைக் கொன்றான், பாம்பு ராமனால் கொல்லப்பட்டது என்று படித்தபோது ஏறாதது இதில் ஏறிவிட்டது.

நேரம் எப்படிக் கிடைத்தது என்றும் கேட்கிறார்கள். ஜூன், ஜூலையில் இந்தப் பக்கம் மழை எப்படி என்று உங்களுக்கே தெரியும், வானிலைச் செய்தியில் தேவாலா பெயர் வந்தாலே எங்களுக்கு மறுநாள் லீவு. கரண்ட் இருக்காது. பகல் வெளிச்சத்தில் எழுதுவது, ராத்திரி வாயால் சொல்வது என்று பிரித்துக்கொண்டேன், அம்மாயிக்குக் கதை சொல்வதும் அதில் பொருந்திவிட்டது. மாலை ஸ்பெஷல் கிளாஸ் எங்களுக்கு நடக்காது, நாலரைக்கு மேல் இருந்தால் வழியில் யானை நிற்கிறது என்று போன் வரும், அப்புறம் ஜீப் கிடைக்கிற வரை பள்ளியிலேயே உட்காரவேண்டும். காலையில் முக்கால் மணி நேரம் முன்னால் வரச்சொல்லி மிஸ் எடுத்தார். டவுன் பள்ளியில் படிக்கிறவர்கள் ராத்திரி எட்டு மணி வரை படித்தோம் என்று சொல்வதைக் கேட்டுக் கலங்காதீர்கள்.

தமிழ் 13-ஆம் தேதி, ஆங்கிலம் 15. இடையில் ஒரு நாள். அந்த நாளில் புதிதாக எதையும் தொடவில்லை, கடித வடிவம், விண்ணப்ப வடிவம் இரண்டையும் ஒருமுறை எழுதிப் பார்த்தேன். காலை பத்து மணிக்கு கேள்வித்தாள் கொடுத்துப் படிக்கப் பத்து நிமிஷம், விடைத்தாளில் விவரம் சரிபார்க்க ஐந்து நிமிஷம், 10.15-க்குத்தான் எழுதவேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தை ஒரு மார்க் கேள்விக்குச் செலவழிக்காதீர்கள். ஐந்து மார்க்கில் இது அல்லது அது என்று இரண்டில் ஒன்று கேட்பார்கள், எதை எழுதப்போகிறோம் என்று அப்போதே மனசில் முடிவு செய்துவிடவேண்டும். நான் ஒரு மார்க்கை முடித்ததும் நேராக ஐந்து மார்க்குக்குப் போய்விட்டேன். கேள்வி எண்ணைச் சரியாகப் போட்டால் வரிசை மாறினாலும் பரவாயில்லை என்று மிஸ் சொல்லியிருந்தார். பத்தி வாசிப்பில் முதலில் கேள்வியைப் படித்துவிட்டுத்தான் பத்திக்குப் போகவேண்டும், விடை பெரும்பாலும் பத்திக்குள்ளேயே அதே வார்த்தையில் கிடக்கும்.

மே 8 ரிசல்ட். எனக்கு 100-க்கு 76. வகுப்பில் முதல் மார்க் எடுத்தவள் கைடை அட்டை முதல் அட்டை வரை மனப்பாடம் செய்தவள்தான், அதை மறைப்பானேன், அவளுக்கு ஒருமுறை படித்தால் அப்படியே நிற்கும். நிற்கிறவர்கள் தாராளமாகச் செய்யுங்கள். நிற்காதவர்களுக்குத்தான் இவ்வளவும். இதனால் ஆங்கிலம் பேச வந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை, கல்லூரியில் இப்போதும் பேசுவதற்கு முன்னால் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் எழுதச் சொன்னால் பயமில்லை.

அம்மாயி இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று போன வாரம் ஒருத்தி கேட்டாள். யாரிடமாவது சொல்லலாம், ஆனால் ம்ம் ம்ம் என்று தலையாட்டுகிற ஆளிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை, குறுக்கே கேள்வி கேட்கிற ஆளாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அஞ்சாவது படிக்கிற தம்பி தங்கை அதற்கு நல்ல ஆட்கள். என் பாராகிராப் நோட்டைக் கேட்கிறவர்களுக்குத் தருகிறேன், அதிலிருந்து வாக்கியத்தை எடுக்காதீர்கள், எங்கெங்கே சிவப்பில் திருத்தியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அரையாண்டுக்குள் திருப்பித் தந்துவிடவேண்டும், அடுத்த வருஷம் என் தம்பி பிளஸ் டூ.