செல்ஃப் எடுக்கும்போது மீட்டர் காட்டிய எண்

அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி, மூன்று நாளும் காலை ஐந்தரைக்கு முதல் ஷிஃப்ட். மதுரையில் எங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனை நான்கு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஷிஃப்ட் தவறினால் அன்றைக்கே வேறு மெஷின் காலியாக வேண்டும், அதுவரை அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கார் பேட்டரியைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத அதுதான் காரணம். மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது கொஞ்சம் முன்னாலேயே எனக்குப் புரிந்திருந்தால் ஒரு மதியமும் ஒரு விடிகாலையும் எங்களுக்கு நல்லபடியாகப் போயிருக்கும்.

கார் 2020 ஜூனில் வாங்கியது. சின்ன பெட்ரோல் கார், கியர் வண்டி. கம்பெனியிலிருந்து வந்த 35 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர், எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) பேட்டரிதான் அதில் இருந்தது. 2024 பிப்ரவரியில் முதல் அடையாளம் தெரிந்தது. சாவியைத் திருப்பினால் சடக்கென்று எடுக்கும் செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார்), காலையில் மட்டும் "குர்ர்... குர்ர்" என்று ஒரு சுற்று இழுத்து இழுத்து எடுத்தது. பகலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு நாள் டேஷ்போர்டு கடிகாரம் 1:00 என்று காட்டியது. சரி செய்து வைத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி 1:00. கடிகாரத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் செல்ஃப் மோட்டார் கரண்டை இழுக்கிற அந்த ஒரு நொடியில் வோல்டேஜ் அவ்வளவு தூரம் விழுந்து, கடிகாரம் அணைந்து மறுபடி எரிந்திருக்கிறது. பேட்டரி தன்னால் முடிந்த வகையில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

மார்ச் முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை. டயாலிசிஸ் முடிந்து அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் "டிக் டிக் டிக்" என்ற சத்தம் மட்டும் வந்தது. டேஷ்போர்டு விளக்குகள் மங்கி மங்கி எரிந்தன. வெளியே நல்ல வெயில். "ஆட்டோ பிடிச்சுப் போயிருவோம்ப்பா" என்றார் அம்மா. பக்கத்தில் நிறுத்தியிருந்த கால் டாக்ஸி ஓட்டுநர் தானாகவே இறங்கி வந்து, டிக்கியிலிருந்து ஜம்பர் கேபிளை எடுத்தார். அவர் மாட்டிய வரிசையை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டேன். முதலில் சிவப்பு வயரை என் பேட்டரியின் பாசிட்டிவில், அதன் மறுமுனையைத் தன் பேட்டரியின் பாசிட்டிவில். பிறகு கறுப்பு வயரைத் தன் பேட்டரியின் நெகட்டிவில். மறுமுனையை என் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஓர் இரும்புப் பகுதியில் கவ்வ வைத்தார். "கடைசி கிளிப்பு மாட்டும்போது பொறி பறக்கும்ண்ணே. பேட்டரி மேல கேஸ் இருக்கும், கிட்ட வச்சுக்கக் கூடாது" என்றார். அந்த கேஸ் ஹைட்ரஜன். சில நிமிடம் அவர் வண்டியை ஓடவிட்டு என் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் எடுத்துக்கொண்டது. அவர் காசு வாங்கவில்லை.

வழியிலேயே ஒரு பேட்டரிக் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் பானெட்டைத் திறந்து பார்த்தார். மீட்டர் எதையும் எடுக்கவில்லை. "பேட்டரி போச்சு, ஆல்டர்னேட்டரும் போயிருக்கும், ரெண்டையும் மாத்திருங்க" என்று ஒரு பெரிய தொகை சொன்னார். ஆல்டர்னேட்டர் என்பது இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பாகம். அம்மா காரில் களைத்துப்போய்ப் படுத்திருந்தார். கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் எதையும் அளந்து பார்க்காமல் இரண்டு பாகம் போய்விட்டது என்று ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? அந்தக் கோபத்தில்தான் வீட்டுக்கு வந்தேன். இன்றைக்கும் அந்தக் கோபம் போகவில்லை. நோயாளியோடு வருகிறவனுக்கு நேரம் இருக்காது என்பது தெரிந்தே சொன்ன தொகை அது.

இன்ஜின் ஓடும்போதே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 14.2 வோல்ட். இன்ஜின் ஓடுகையில் பேட்டரி முனைகளில் ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது என்று அர்த்தம். அது போயிருந்தால் ஓடும்போதே டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரியும். பலர் அந்த விளக்கைப் பேட்டரி வீக் ஆனதற்கான விளக்கு என்று நினைக்கிறார்கள். அது சார்ஜ் ஏறவில்லை என்பதற்கான விளக்கு. பேட்டரி சாகக் கிடந்தாலும் அது எரியாமலே இருக்கும். எனக்கும் எரியவில்லை.

அடுத்தது டெர்மினல். பாசிட்டிவ் முனையில் பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்திருந்தது. கிளாம்பைக் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கலந்து ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து மாட்டினேன். சில வண்டிகளில் இந்த ஒரு வேலையிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும். புதுப் பேட்டரிக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன் கட்டாயம் இதைச் செய்து பாருங்கள். அன்று இரவு தம்பி வீட்டிலிருந்து சார்ஜர் வாங்கி வந்து விடிய விடிய சார்ஜ் போட்டேன். சார்ஜரைக் கழற்றி, சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் 12.5. நிறைந்த பேட்டரி 12.6, 12.7 காட்டும். 12.2க்கு வந்தால் பாதி தீர்ந்துவிட்டது என்று கணக்கு. பேட்டரியின் மேலே இருக்கும் சின்னக் கண்ணாடிக் கண்ணும் பச்சையாகவே இருந்தது. பரவாயில்லை, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை விடிகாலை நாலே முக்கால். அம்மா ஸ்வெட்டர் போட்டு, தண்ணீர் பாட்டிலும் பையுமாக வாசலில் நிற்கிறார். சாவியைத் திருப்பினேன். "டிக்."

ஆட்டோ கிடைத்துப் போய்ச் சேரும்போது ஐந்து ஐம்பது. நர்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மதியம் பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பேட்டரிக்குச் சார்ஜ் மட்டும் போட்டுக் கொடுக்கும் ஒரு பழைய கடைக்குப் போனேன். லாரி, டிராக்டர் பேட்டரிகள் வரிசையாக வயர் மாட்டிக் கிடந்தன. பெரியவர் ஒருவர் சார்ஜில் போட்டுவிட்டு மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் அவர் செய்ததைத்தான் எல்லோரும் பார்த்திருக்க வேண்டும். மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்து ஆறு மூடிகளையும் திறந்தார். ஆசிட்டின் அடர்த்தியை அளக்க, மேலே ரப்பர் பந்து, உள்ளே மிதவை உள்ள ஒரு கண்ணாடிக் குழாயை ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு ஆசிட்டை உறிஞ்சி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். முதல் ஐந்திலும் மிதவை 1250இல் நின்றது. ஆறாவதில் மிதவை முங்கி 1150இல் நின்றது. மறுபடி உறிஞ்சினார். அதே 1150.

"ஒரு செல்லு செத்துப்போச்சுப்பா. பச்சைக் கண்ணு இந்தா, இந்தச் செல்லுல இருக்கு. அது இந்த ஒரு வீட்டை மட்டுந்தான் பார்க்கும். பக்கத்து வீட்டுல என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது."

12 வோல்ட் பேட்டரி என்பது தலா இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேலே தரும் ஆறு செல்கள் வரிசையாகக் கோத்தது. ஒரு செல் நலிந்தாலும், சும்மா இருக்கும்போது மொத்தத்தில் குறைவது ஒரு துளிதான். அதனால்தான் எனக்கு 12.5 காட்டியது. உண்மை எப்போது தெரியும் என்பதையும் அவரே காட்டினார். என்னோடு வீட்டுக்கு வந்து, பேட்டரியைத் திரும்பக் காரில் மாட்டி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். மீட்டர் முனைகளை அவர் பிடித்துக்கொண்டார். முழுச் சார்ஜில் இருந்ததால் செல்ஃப் இழுத்துக்கொண்டே எப்படியோ எடுத்தது. அந்த நொடியில் மீட்டர் 8.4க்கு விழுந்தது. "பத்துக்கு மேல நின்னா நல்ல பேட்டரி. ஒன்பதரைக்குக் கீழ போனா மாத்திரணும். எட்டுன்னா நீ கோயிலுக்கு வேண்டிக்கிட்டுத்தான் சாவியத் திருப்பணும்" என்றார். பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 9.6 வோல்ட். அவருடைய கைக்கணக்கும் கிட்டத்தட்ட அதேதான்.

ஏன் மூன்றே முக்கால் வருடத்தில் போனது என்று கேட்டேன். வெயில் என்றார் முதலில். குளிர் நாட்டில் பேட்டரி குளிரில் சாகும் என்பார்கள். அதை உள்ளே அரித்து வைப்பது என்னவோ சூடுதான். எங்கள் ஊரில் பானெட்டுக்கு அடியில் வருடம் முழுக்க அந்தச் சூடு. ஆனால் பெரிய காரணம் நான்தான் என்பது அவர் அடுத்து கேட்ட கேள்வியில் தெரிந்தது. "ஆஸ்பத்திரியில நாலு மணி நேரம் என்ன பண்ணுவ?"

காரில் உட்கார்ந்திருப்பேன். இன்ஜினை அணைத்துவிட்டு, பாட்டும் ஃபேனும் போட்டுக்கொண்டு. இரண்டும் சேர்ந்து நாலைந்து ஆம்பியர் இழுக்கும். இரண்டு மணி நேரம் என்றாலே பத்து ஏஹெச் போச்சு, இருப்பது 35. திரும்பி வரும் நாலு கிலோமீட்டரில் அதில் கால்வாசிகூட ஏறாது. அரைகுறைச் சார்ஜிலேயே கிடந்தால், பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தட்டுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். கார் பேட்டரி ஒரே மூச்சில் பெரிய கரண்டைக் கொடுப்பதற்காக மெல்லிய தட்டுகளோடு செய்தது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி மெல்ல மெல்ல வடியவிட்டால் அது தாங்காது. இதை யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

புதியது வாங்கும்போது மூன்றை மட்டும் கவனித்தேன். பழையதில் எழுதியிருந்த 38பி20எல் என்ற அளவுதானா, கடைசி எழுத்து மாறாமல் இருக்கிறதா. அது எல் அல்ல ஆர் என்றால் பாசிட்டிவ் முனை மறுபக்கம் வந்துவிடும், வயர் எட்டாது. இரண்டாவது, தயாரித்த மாதம். கடையில் மாதக்கணக்கில் கிடந்தது வேண்டாம் என்று கேட்டு, இரண்டு மாதத்துக்கு உட்பட்டதாக வாங்கினேன். மூன்றாவது, வாரண்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும். பழையதைக் கொடுத்தது போக 4,300 ரூபாய் ஆனது. பழையதைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், உள்ளே இருப்பது ஈயமும் ஆசிடும், காயலான் கடைக்குப் போக வேண்டிய பொருள் அல்ல. சிக்னலில் தானாக இன்ஜின் அணைந்து எடுக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் விலை குறைவு என்று சாதாரணப் பேட்டரி வாங்கிவிடாதீர்கள். அதற்கென்று ஈஎஃப்பி, ஏஜிஎம் என்ற வகைகள் இருக்கின்றன.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் வயர் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஸ்பேனர் தவறி பாடியில் பட்டாலும் பொறி பறக்காது.

புதுப் பேட்டரியில் செல்ஃப் எடுக்கும்போது மீட்டர் 10.7க்குக் கீழே போகவில்லை. இப்போது காத்திருக்கும் நேரத்தில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். ஞாயிறுகளில் அம்மாவுக்குத் தெம்பு இருந்தால் அழகர்கோயில் பக்கம் ஒரு சுற்று. அவருக்குக் காற்று, பேட்டரிக்குச் சார்ஜ். புஷ் பட்டன், ஆட்டோ கியர் வண்டி வைத்திருக்கும் அண்ணனிடமும் மூன்று வருடம் தாண்டியதும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை செல்ஃப் எடுக்கும்போது அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவருடைய வண்டியைத் தள்ளியும் ஸ்டார்ட் பண்ண முடியாது. நல்ல சார்ஜில் இருக்கும்போதே 9.6க்குக் கீழே விழுந்தால், அந்த வாரமே மாற்றிவிட வேண்டும். மறுநாள் காலை சடக்கென்று எடுக்கிறதே என்று தள்ளிப்போடக் கூடாது.

டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் அம்மாவின் எடையை எழுதி வைக்க ஒரு நோட்டு உண்டு. அதன் கடைசிப் பக்கத்தில், செல்ஃப் எடுக்கும்போது மீட்டர் காட்டும் வோல்ட்டையும் மாதம் ஒரு முறை எழுதுகிறேன். அம்மாதான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறார், நான் மீட்டரைப் பிடிக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அவர் கண்ணாடி வழியாகத் தலையை நீட்டி, "எவ்வளவுப்பா?" என்றார். 10.6.