கப்ரேராவில் நங்கூரம் வேண்டாம்

நீலத் தண்ணீரில் பாய்மரப் படகு நிற்கும் படம் ஒன்று இன்று கண்ணில் பட்டது. கமெண்ட் முழுக்கத் தண்ணீரின் நிறம்தான். படகுக்கு அடியில் தெரிந்த கறுப்புத் திட்டை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அது பாறை இல்லை, பாசியும் இல்லை. பொசிடோனியா. பூத்துக் காய்க்கும் கடற்புல்.

நங்கூரத்தைவிட அதன் சங்கிலிதான் இதற்கு எமன். காற்று திசை மாற மாறப் படகு வட்டமடிக்கும், சங்கிலி புல்லை வேரோடு சிரைத்துவிடும். வேர்த்தண்டு வளர்வதோ ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்.

ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்குத் தெற்கே உள்ள குட்டித் தீவு கப்ரேரா 1991 முதல் தேசியப் பூங்கா. அதன் துறைமுக விரிகுடாவில் இரவு தங்க, நங்கூரத்துக்குப் பதில் அங்கே நிலையாகப் போட்டிருக்கும் மிதவையில்தான் படகைக் கட்ட வேண்டும். அனுமதியை முன்பே வாங்க வேண்டும்.

மிதவையின் நிறம் படகின் நீளத்துக்கு: வெள்ளை 12 மீட்டர் வரை, மஞ்சள் 15 வரை, ஆரஞ்சு 20 வரை, அதற்கு மேல் சிவப்பு. 13 மீட்டர் படகை வெள்ளையில் கட்டினால், சுழலும்போது பக்கத்துப் படகில் இடிக்கலாம்.

காற்றுக்கு எதிராக, மெதுவாக நெருங்குங்கள். கயிற்றை வளையத்தில் நுழைத்து இரு முனையையும் முன்தளத்திலேயே கட்டினால் காலையில் அவிழ்ப்பது சுலபம். ஆனால் ஒற்றைக் கயிறு இரவெல்லாம் வளையத்தில் உரசித் தேயும். தனித்தனியாக இரண்டு போடுங்கள்.

விரிகுடாவின் வாய் வடமேற்கே. அந்தத் திசைக் காற்று என்றால் போகவே வேண்டாம். தீவில் டீசலும் கிடைக்காது.

சொந்தப் படகு இல்லாதவர்களுக்கு மயோர்க்காவின் கொலோனியா தே சான்ட் ஜோர்டி ஊரிலிருந்து படகு உண்டு. கப்ரேராவின் கடற்குகையான நீலக் குகைக்குப் பிற்பகலில் போங்கள், வெயில் அப்போதுதான் உள்ளே விழும்.