சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

டி.பார்ம் முடித்து மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது 25. முதலாளி அந்தப் பக்கம் திரும்பினால் போனில் கிரிக்கெட் விளையாடுவேன். திட்டினால் மதியம் சாப்பிடாமல் முறுக்கிக்கொள்வேன்.

அவளுக்குப் பத்து வயது. முதல் வகைச் சர்க்கரை நோய். மாதம் இரண்டு தடவை பாட்டியோடு இன்சுலின் வாங்க வருவாள். பாட்டிக்கு எழுத்து தெரியாது. காலாவதித் தேதி பார்ப்பதும், குப்பி ஐஸில் உறைந்துவிடாமல் துணியில் சுற்றி பிளாஸ்க்கில் வைப்பதும் அவள்தான்.

ஒருநாள் அவசரத்தில் சிரிஞ்சை எடுத்துக் கொடுத்தேன். முதலாளி காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, எங்களுக்குச் சிவப்பு மூடி."

எனக்கு வேர்த்துவிட்டது. நம் நாட்டில் இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு விதமாக வருகிறது. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு. அவள் வாங்குவது 40. அதை ஆரஞ்சு சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 4 யூனிட்தான். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான்!

அப்புறம் சிநேகமாகிவிட்டோம். பஸ் வரும்வரை என் போனில் ஆடுவோம். தோற்றால் கோபம் வருவது எனக்குத்தான். "அடுத்த ஆட்டம் விட்டுத் தரட்டுமா?" என்பாள்.

பட்டினி கிடந்த ஒரு மதியம் என் கை நடுங்கியதைப் பார்த்துவிட்டாள். சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்தாள் போல. பையிலிருந்து குளுக்கோஸ் பொட்டலம் வந்தது. "கரைச்சுக் குடிங்க. 15 நிமிஷம் பாப்போம்." எனக்குச் சர்க்கரை இல்லை, பசிதான் என்றேன். "அப்போ சோத்து மேல எதுக்கு கோவம்?"

இன்னொரு நாள் பேசாமல் வந்து நின்றாள். பாட்டி டீக்கடைக்கு நகர்ந்ததும் அழுகை. வகுப்பில் யாருக்கோ பிறந்தநாளாம். டீச்சர் இவளுக்கு மட்டும் கேக் தரவில்லை. அளவு பார்த்து ஊசி போட்டால் இவளும் ஒரு துண்டு சாப்பிடலாம், டீச்சருக்கு அது தெரியவில்லை. பாட்டி முன்னால் அழுதால் பாட்டியும் அழுவார்களாம்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. கையுறை ஒன்றை ஊதி, கண்ணும் மீசையும் வரைந்து, "இது எங்க முதலாளி" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். இன்னொன்று கேட்டாள். அப்புறம் இன்னொன்று. பஸ் போயே விட்டது.

மூன்று கையுறைக்கும் முதலாளி என் சம்பளத்தில் பிடித்தார். அன்று நான் சாப்பிடப் போனேன்.