தோல் ஊர்க்காரி மிலானில் பை வாங்கிய கதை

லூயி வித்தோன் நெவர்ஃபுல் என்று 2007-லிருந்து உலகமெங்கும் தோளில் தொங்கிக்கொண்டிருக்கிறதே ஒரு பழுப்புப் பை, அது தோல் பை இல்லை. பருத்திக் கித்தான், அதன்மேல் பிவிசி பிளாஸ்டிக் பூச்சு. தோல் என்று அதில் இருப்பது கைப்பிடியும் ஓரப்பட்டையும்தான். எங்கள் பக்கத்தில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஆந்திர எல்லையை ஒட்டிய இந்த ஊர்களில் பையோ ஷூவோ எதைக் காட்டினாலும் முதல் கேள்வி "அடி என்ன விலை?" என்பதுதான். அடி என்றால் சதுர அடி, தோலுக்கு அதுதான் அளவு.

எங்கள் நைனா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், வேலை பார்த்தவர். நான் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசர். 2023 செப்டம்பரில் மிலானில் நடந்த லினியாபெல்லே தோல் கண்காட்சிக்கு கம்பெனி என்னை அனுப்பியது. விஷயம் தெரிந்ததும் பெங்களூருவில் இருக்கிற நாத்தனாரிடமிருந்து போன். "அண்ணி, அங்கதான் சீப்பாமே, எனக்கு ஒரு நெவர்ஃபுல் வாங்கிட்டு வாங்க, பணம் போட்டுடறேன்." அந்த 'சீப்' பற்றித்தான் இந்தப் பதிவு. ஆனால் அதற்கு முன்னால் கடையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது.

மிலான் பெரிய மாதா கோவிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது கண்ணாடிக் கூரை போட்ட விக்டோரியோ இமானுவேலே கேலரி. 1913-ல் மரியோ பிராடா தன் பிராடா பிராண்டின் முதல் கடையைத் திறந்தது இங்கேதான், அந்தக் கடை இன்றும் இருக்கிறது. அங்கே சஃபியானோ என்று ஒரு தோல் வைத்திருக்கிறார்கள், கன்றுத் தோலில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு அழுத்தி மேலே பூச்சு கொடுத்தது. கீறல் விழாது, தண்ணீர் பட்டால் துடைத்துவிடலாம், நல்ல சரக்குதான். ஆனால் இப்படி அழுத்தி வடிவம் போடும் எம்போஸ் என்றாலே எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு சந்தேகம் வரும், அடியில் இருக்கிற கொசுக்கடி, முள்கீறல் எல்லாவற்றையும் அது மறைத்துவிடும் என்பதால். பிராடாவில் அப்படி மறைக்கிறார்கள் என்று சொல்லவில்லை, என் கை அப்படிப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கம்பெனிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த இன்னொரு பை 1984-ல் வந்த கறுப்பு நைலான் பை. அதாவது இரண்டு பெரிய பிராண்டுகளின் பேர்போன இரண்டு பைகளிலும் தோல் முக்கியமில்லை! நைனாவிடம் சொன்னேன், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு "அப்போ எதுக்குக் காசு?" என்றார்.

நியாயமான கேள்வி. தையலுக்கு என்று ஒரு பங்கு சொல்லலாம். நெவர்ஃபுல்லை உள்ளும் வெளியும் புரட்டிப் பார்த்தேன், மஞ்சள் நூல், ஒரே அளவுத் தையல், ஓரத்தில் சிவப்பு மை பிசிறில்லாமல் ஓடுகிறது. ஷூவின் மேல்பகுதியைத் தைக்கும் எங்கள் குளோசிங் லைனில் இருக்கிற பெண்களில் இதைத் தைக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள், அடித்துச் சொல்வேன். மீதிப் பணம் பெயருக்கு, 1896-லிருந்து போட்டுவருகிற அந்த எல்வி எழுத்து மோனோகிராமுக்கு. அது தப்பென்று நான் நினைக்கவில்லை, பட்டுப்புடவையில் கடைப்பெயருக்கும் சேர்த்துக் கொடுக்கிறவர்கள்தானே நாம். தோலுக்காகத்தான் இந்த விலை என்று நினைத்துக்கொண்டு கொடுக்காதீர்கள், அவ்வளவே.

சரி, சீப் கணக்கு. கணக்கு நேராக வருவதற்காகப் பை 1,220 யூரோ என்று வைத்துக்கொள்வோம். இத்தாலியில் வாட் 22 சதவீதம், விலைக்குள்ளேயே இருக்கிறது, அதாவது 1,000 பைக்கு, 220 வரிக்கு. வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்த வரி திரும்ப வரும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் ரகசியம். ஆனால் 220-ம் வராது, வரியைத் திரும்ப வாங்கித் தரும் நடுக் கம்பெனி தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டபின் 150 மாதிரி கையில் நிற்கும். கடையிலேயே பாஸ்போர்ட் காட்டி அதற்கான படிவம் வாங்கவேண்டும், பில் பயணம் செய்கிறவர் பேரில் இருக்கவேண்டும் (நாத்தனார் பேரில் போடச் சொன்னால் போச்சு). பையை உபயோகிக்காமல், ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறும் கடைசி விமான நிலையத்தில் சுங்கத்தில் சரிபார்த்துக்கொள்ளவேண்டும். நான் வளைகுடா வழியாக வந்ததால் மிலானின் மால்பென்சா விமான நிலையத்திலேயே முடிந்தது. பிராங்பர்ட் மாறி வருகிறவர்கள் பையைக் கையில் வைத்திருந்தால் அங்கேதான் காட்டவேண்டும்.

அப்புறம் கார்டு. மெஷினில் யூரோவா ரூபாயா என்று கேட்கும், ரூபாய் என்று பார்த்ததும் நம் ஆட்களுக்குப் பாசம் வந்துவிடும், தொடாதீர்கள், அவர்கள் போடும் மாற்று விலை மோசமாகத்தான் இருக்கும். யூரோவில் கொடுத்தாலும் பல கார்டுகளில் மூன்றரை சதவீதம் கட்டணம், அதற்கு மேல் ஜிஎஸ்டி. பை விலை ஏறக்குறைய ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் என்றால் இதுவே நாலாயிரத்தைத் தாண்டிவிடும்.

இதெல்லாம் தாண்டி சென்னை வந்து இறங்கினால் சுங்கம். நான் வந்தபோது நடைமுறையில் இருந்த 2016 விதிப்படி 50,000 ரூபாய் வரைதான் சலுகை, அதற்கு மேல் உள்ள மதிப்புக்கு 38.5 சதவீதம். யூரோ 90 ரூபாய் என்று போட்டால் பை 1,09,800, வரி ஏறக்குறைய 23,000. மிலானில் திரும்பி வந்தது 13,500. இப்போது சொல்லுங்கள், எது சீப்? விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் கிளம்புவதற்கு முன் அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள், பெங்களூரு யூபி சிட்டி மாலில் உள்ள லூயி வித்தோன் கடையில் அதே பையின் விலையையும் கேட்டுவிடுங்கள், இரண்டையும் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

"டேகைக் கிழிச்சிட்டு தோள்ல மாட்டிக்கிட்டு வாங்க, யார் கேட்கப்போறாங்க" என்று கண்காட்சிக்கு வந்த ஆம்பூர்க்காரர் ஒருவரே யோசனை சொன்னார். ஏற்றுமதி கம்பெனி ஆள் நான், வாழ்நாளெல்லாம் சுங்கத்தோடு வேலை. வரி கட்டவேண்டியவர்களுக்கான சிவப்பு வழியில் போய் பில்லைக் காட்டிப் பணம் கட்டினேன். தெருவில் துணி விரித்து விற்கிறார்களே நகல் பைகள், அதையும் சிலர் சிபாரிசு செய்தார்கள். இத்தாலியில் விற்கிறவருக்கு மட்டுமல்ல, வாங்குகிறவருக்கும் 7,000 யூரோ வரை அபராதம் உண்டு. அந்தக் காசுக்கு அசலையே வாங்கிவிடலாம்.

கணக்கு முழுவதையும் நாத்தனாருக்கு வாங்குவதற்கு முன்பே எழுதி அனுப்பியிருந்தேன். "பரவாயில்லை அண்ணி, வாங்குங்க" என்று ஒரே வரி. ஆசை என்றால் அப்படித்தான், அதில் எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

போன மாதம் திரும்ப போன். "அண்ணி, கைப்பிடி கறுத்துப்போகுது, டூப்ளிகேட் கொடுத்துட்டாங்களா?" இல்லை. அந்தக் கைப்பிடியும் ஓரப்பட்டையும்தான் அந்தப் பையிலேயே உண்மையான தோல். குரோம் ரசாயனத்தில் பதனிட்டு நீலமாக வரும் வெட் ப்ளூ தோல் இல்லை அது, மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டு மேலே பூச்சு எதுவும் கொடுக்காதது. வெயிலும் கைவியர்வையும் பட்டால் தேன் நிறமாகிப் பிறகு கறுக்கும், மழைத்துளி விழுந்தால் கறை நிற்கும். குரோம் வருவதற்கு முன்னால் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு எங்கள் ஊர்ப்பக்கத்தில் செய்துகொண்டிருந்ததும் இதே வழிதான். நைனாவிடம் போனைக் கொடுத்தேன், அரைமணி நேரம் விளக்கிக்கொண்டிருந்தார், நாத்தனார் எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை.